பாவாயி நீட்டிய கை

சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்த ஆஸ்பத்திரிக்கு அறுபதுகளில் போய் வந்தவர்கள் டாக்டரம்மாவை மறந்திருக்கலாம், குடித்த மருந்தை மறந்திருக்கலாம். பாவாயியை மறந்திருக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்த ஒல்லியான வெள்ளைச்சேலைக்காரி அவள்தான். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வாங்குகிற சம்பளம் தரையைக் கூட்டுவதற்கும் துடைப்பதற்கும். அதிகாரமோ கலெக்டர் அதிகாரம்.

அந்த அறையின் அமைப்பு அப்படி. உள்ளே ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் போட்டால் ஆள் திரும்ப இடமில்லை. அதனால் சுவரில் இடுப்பு உயரத்தில் முறம் அளவுக்கு ஓர் ஓட்டை வைத்திருந்தார்கள். நோயாளிகள் வெளியே வரிசையில் நின்று, சீட்டைத் திண்டில் வைத்துவிட்டு, ஓட்டைக்குள் கையை நீட்ட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஜெபமலர் விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிவது கை மட்டும்தான். கைக்குச் சொந்தக்காரர் முகம் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்கிற வேலையைத்தான் பாவாயி யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தாள். சீட்டு யாருடையதோ கையும் அவருடையதாக இருக்க வேண்டும். நடக்க முடியாதவரா, தூக்கிக்கொண்டு வா. தூக்க ஆள் இல்லையா, இரு, நான் வருகிறேன்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் கணக்குப்பிள்ளையைச் சீட்டோடு அனுப்பிவிட்டார். ஐயாவுக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், என் விரலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதன் பணிவாகத்தான் கேட்டான். பாவாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க ஐயாவுக்குப் பசிச்சா நீங்க தின்னுக்குவீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஐயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கி வந்தார். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது. ஏன் வராது என்பதற்கு அவளுடைய ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. கட்டிக் கொடுத்த இடத்தில் ஒழுங்காக இரண்டு பொங்கல் பார்ப்பதற்குள் புருஷன் போய்விட்டான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த கொஞ்ச நாளில் அம்மாவும் கண்ணை மூடினாள். அப்போது தம்பி பொன்னன் இடுப்புக்குக் கீழே துணி நிற்காத வயசு. அன்றிலிருந்து அவனுக்கு அக்காவும் இவள்தான், அம்மாவும் இவள்தான். மறு கல்யாணம் பற்றி யாராவது வாயெடுத்தால், என் பையனை யார் பார்ப்பார்கள் என்பாள். தம்பி என்று சொல்ல மாட்டாள், பையன் என்பாள். அவன் வளர்ந்து தறிக்குழியில் இறங்கினான். அவன் நெய்ய, இவள் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக் கொடுக்க, அந்த வீட்டில் நாள் முழுக்கத் தறிச் சத்தமும் அக்காள் தம்பி பேச்சும்தான். இரண்டு பேருக்கும் பேசி மாளாது.

ஐம்பத்தாறாம் வருஷம் பங்குனி வெயிலில் பொன்னனுக்குக் காமாலை கண்டது. முதலில் சோறு பிடிக்கவில்லை. அப்புறம் கண் மஞ்சளாயிற்று, தின்றதெல்லாம் வாந்தியாயிற்று. ஊர் வைத்தியர் மஞ்சள் கிழங்கைச் சுட்டு மணிக்கட்டில் சூடு வைத்தார், கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார், பத்தியம் சொன்னார். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெயை மோந்துகூடப் பார்க்கக் கூடாது. பாவாயி அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள். ஆனாலும் பையன் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனான். ஒரு நாள் விடிந்ததும் வண்டி கட்டி, வைக்கோலைப் பரப்பி, அவனைப் படுக்க வைத்துச் சேலத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டரம்மா அவனுடைய கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு பாவாயிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருவது, ஈரலைப் பிடிக்கிறது. இதைக் கொல்ல மருந்து கிடையாது, உடம்பே போராடித்தான் வெளியே வர வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் தானாகவே எழுந்துவிடுவார்கள். எழாமல் போகிற அந்த ஓர் ஆள் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் முக்கியம். கண் எவ்வளவு மஞ்சள் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தம்தான் சொல்லும். ஈரல் நன்றாக இருந்தால் ரத்தம் சீக்கிரம் உறையும், கெட்டுப்போயிருந்தால் உறையாது. சீக்கிரம் உறைந்தால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் இங்கேயே படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பொன்னனை வேப்பமரத்து நிழலில் படுக்க வைத்துவிட்டு, பாவாயி சீட்டோடு வரிசையில் நின்றாள். இடம் பிடிப்பதற்குத்தான் நின்றாள். முறை வந்ததும் கைத்தாங்கலாகக் கூட்டி வரலாம் என்பதுதான் எண்ணம். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவள் ஓட்டைக்கு முன்னால் வந்து சீட்டை வைத்ததும், உள்ளேயிருந்து கையை நீட்டுங்க என்று ஜெபமலரின் குரல் வந்தது.

பாவாயி திரும்பி மரத்தடியைப் பார்த்தாள். பொன்னன் துணி மூட்டையில் தலை வைத்து, வாயைத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அத்தனை நாள் புரண்டு புரண்டு படுத்தவன் அன்றைக்குத்தான் அப்படித் தூங்கினான். அந்தத் தூக்கத்தைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. நாலு வாய்க் கஞ்சி தங்காத உடம்பு, அதிலிருந்து ரத்தத்தை வேறு எடுக்க வேண்டுமா? நானும் அவனும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அவன் உடம்பில் ஓடுவதும் என் உடம்பில் ஓடுவதும் ஒரே ரத்தம்தானே? படிக்காதவளுடைய பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல நினைப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். சொந்த ரத்தம், ஒரே ரத்தம் என்று நாம் எல்லாரும்தான் வாய்க்கு வாய் சொல்கிறோம். அவள் அதை நம்பினாள்.

கையை நீட்டிவிட்டாள். தாலி அறுத்த அன்றைக்கே வளையலைக் கழற்றிய கை, நூலும் களைக்கொத்தும் பிடித்துக் காய்த்த கை. ஆண் கை என்றால் ஆண் கை. ஜெபமலருக்குச் சந்தேகமே வரவில்லை. ஊசி குத்தியபோது பாவாயிக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் பையனுக்கு இந்த வலி இல்லை என்ற சந்தோஷம்.

ஜெபமலர் சன்னமான ஒரு கண்ணாடிக் குழாயை ரத்தத் துளியில் வைத்தாள். ரத்தம் தானாகக் குழாயில் ஏறியது. அதை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து நுனியில் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு துண்டு. ரத்தம் உறைந்துவிட்டால், ஒடிந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சிவப்பு நூல் இழுபடும். பாவாயி குனிந்து ஓட்டையின் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்; ஜெபமலரின் கண் குழாயை விட்டு நகரவில்லை. நூல் என்றால் அவளுக்குத் தெரியாதா? மூன்றாம் துண்டிலேயே விழுந்துவிட்டது.

"நூல் நல்லா விழுந்திருக்கு. பயப்படாதீங்க," என்றாள் ஜெபமலர்.

டாக்டரம்மா வீட்டுக்குப் போகலாம் என்றார். ஓய்வாகப் படுக்கட்டும், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள், எந்நேரமும் தூங்கினாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே கொண்டு வாருங்கள் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். பாவாயியின் காதில் விழுந்தது வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான். வழி நெடுக, வண்டிக்காரனுக்கும் மாட்டுக்கும் கஞ்சமலைக்கும் கேட்கிற மாதிரி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குக் கவலை விட்டுப்போயிற்று. கவலை விட்டதும் கண்டிப்பு வந்துவிட்டது. பிழைக்கப் போகிற பையன், பத்தியத்தைச் சரியாகப் பிடித்தால் சீக்கிரம் எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். உப்பில்லாத கஞ்சியை வேளை தவறாமல் கரைத்துக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு அவளையே பார்ப்பான்.

"அக்கா, ஒரு கல்லு உப்புப் போடுக்கா."

"பத்தியம் முடியட்டும் சாமி. உன்ற ரத்தம் நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. பொறகு காலம் பூரா உப்புத் தின்னலாம்."

அவன் மறுபடியும் கேட்டான். கெஞ்சிக்கூடக் கேட்டான். நாக்கில் ஒன்றுமே உறைக்கவில்லை, மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றான். பாவாயி அசையவில்லை. இன்னொன்றும் கேட்டான். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னான். அவன் பாதியில் விட்ட சேலை தறியில் கிடந்தது. அவன் எழுந்து வரும்போது அது முடிந்திருக்க வேண்டும் என்று அவளே தறிக்குழியில் இறங்கி, தெரிந்த அளவுக்கு நெய்துகொண்டிருந்தாள். வேலை கிடக்குது சாமி, இதோ வாரேன் என்று குழியிலிருந்தே குரல் கொடுப்பாள். போகமாட்டாள். இனி எத்தனையோ காலம் பேசத்தானே போகிறோம் என்றிருந்தாள்.

பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பகலெல்லாம் தூங்கினான். எழுப்பினால் சம்பந்தமில்லாமல் எதையோ பேசினான். ஒரு நாள் காலையில் வாயைத் துடைத்துவிட்ட துணியில் ரத்தம் இருந்தது. மறுபடி வண்டி, மறுபடி சேலம்.

டாக்டரம்மா அவனைப் பார்த்த மாத்திரத்தில் கட்டிலில் படுக்க வைக்கச் சொன்னார். ஜெபமலர் குழாயை எடுத்துக்கொண்டு கட்டிலண்டையே வந்தாள். மஞ்சள் பூத்த விரலில் குத்தி ரத்தம் எடுத்து, உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டு ஒடித்தாள். நூல் இல்லை. இன்னொன்று. இல்லை. கடைசித் துண்டு வரைக்கும் ஒடித்தாள். ரத்தம் தண்ணீராகவே நின்றது. போன தடவை நன்றாகத்தானே இருந்தது, அதற்குள் எப்படி இப்படி ஆகும் என்று டாக்டரம்மா ஜெபமலரைக் கேட்டார். ஜெபமலர் ஒடித்த துண்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் பாவாயிக்குப் புரிந்தது.

"அது என்ற கைங்க," என்றாள். "தூங்கறவன எழுப்ப மனசு வல்லீங்க. ஒரே வயித்து ரத்தம்னு நானே நீட்டிப்போட்டேனுங்க."

யாராவது திட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். பொன்னன் கண்ணைத் திறக்கவே இல்லை. பாவாயி சமையல்கட்டுக்கு ஓடிப்போய் ஒரு கல் உப்பு வாங்கி வந்து அவனுடைய உதட்டில் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது. மறுநாள் அவனுக்கு விடியவில்லை.

அன்றைக்கே அவன் கையை நீட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடம் அவள் கேட்டாள். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். சொல்ல முடியாது பாவாயி, இங்கேயே படுத்திருந்தாலும் போயிருக்கலாம், இதற்கு மருந்து இல்லை என்றார். கொஞ்சம் நிறுத்தி, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

தெரிந்திருக்கும். அந்த ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. தெரிந்திருந்தால் உப்புப் போட்டிருப்பாள். ஒரு கல் என்ன, கைநிறையப் போட்டிருப்பாள். தறியாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பையன் ஆசை ஆசையாகக் கேட்டது இரண்டே இரண்டு. இரண்டையும் அவள்தான் இல்லை என்றாள்.

காரியம் முடிந்த பிறகு ஊரில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கா என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்ப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள். கால் போன போக்கில் சேலத்துக்கு வந்து, அவன் தூங்கிய வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். ஜெபமலர்தான் மதர் அம்மாவிடம் சொல்லி, அவளுக்குக் கூட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கும் உள்ளுக்குள் ஒரு முள் தைத்துத்தான் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தவள் அல்லவா? கழுத்தில் வெள்ளிச் சிலுவை போட்ட அந்தச் சின்னப் பெண்ணும் வாய் நீண்ட பாவாயியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கூட்டம் அதிகமான நாளில் ஜெபமலர் ரத்தக் குழாயைப் பாவாயியின் கையில் கொடுத்துப் பொத்தி வைத்திருக்கச் சொல்வாள். பாவாயி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். யாருடைய ரத்தமாக இருந்தாலும் சரி, ஒடிக்கும்போது நூல் விழ வேண்டுமே என்று ஏங்குவாள். விழுந்தால் அவளுக்கு ஒரு கணம் பொன்னனுக்கே விழுந்த மாதிரி இருக்கும். ஒரு கணம்தான்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரி செல்லியம்மாள் தினமும் அவளோடு சண்டை போடுவாள். பாவாயி தன் கஞ்சிக்கு உப்பு வாங்கிக்கொள்ளவே மாட்டாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அறுபத்துநாலாம் வருஷம் சித்திரையில், பனமரத்துப்பட்டியிலிருந்து அங்காளம்மாள் என்று ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் வசந்தாமணி கல்யாணமாகி முதல் வருஷம் முடியாத பெண். அதே காமாலை. பெண் வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டாள். தாய் சீட்டை வைத்துவிட்டு, ஓட்டைக்குள் தன் கையை நீட்டினாள்.

பாவாயி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வரிசையில் இருந்தவர்கள் இன்றைக்கு ஒரு கச்சேரி இருக்கிறது என்று தயாரானார்கள். அங்காளம்மாள் பயந்துபோய், நான் பெத்த ரத்தம்தானுங்க, புள்ள இப்பத்தான் கண்ணசந்தா என்றாள்.

பாவாயி திட்டவில்லை. நேராக மரத்தடிக்குப் போனாள், தூங்குகிற பெண்ணை எழுப்பினாள், இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தக் கையை ஓட்டைக்குள் நீட்ட வைத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது.

குழாயைப் பாவாயிதான் பொத்தி வைத்திருந்தாள். ஜெபமலர் வாங்கி ஒடித்தாள். நூல் இல்லை. ஒடித்துக்கொண்டே போனாள். கடைசித் துண்டில் என்னவோ இழுபடுகிற மாதிரி இருந்தது, அதுவும் பாதியிலேயே அறுந்துவிட்டது. ஜெபமலர் நிமிர்ந்து பாவாயியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா பெண்ணைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார். முடிந்ததைச் செய்கிறோம், ஆனால் ரத்தம் நன்றாக இல்லை என்று தாயிடம் மறைக்காமல் சொன்னார். அங்காளம்மாள் வராந்தாவில் பாவாயியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். என் மக பொழைச்சுக்குவாளா என்று கேட்டாள்.

"தெரியல தாயி. ஆனா ரத்தம் உங்கிட்டப் பொய் சொல்லல. எந்திரி. போயிப் பக்கத்துல உக்காரு. புள்ள என்ன கேட்டாலும் குடு. நாளைக்கின்னு சொல்லாத."

அந்தப் பெண் புளிப்பு மாங்காய் கேட்டாள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். ஊரில் பத்தியம் சொல்லியிருக்கிறார்களே என்று தாய் தயங்கினாள். பாவாயி டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு, கடைவீதிக்கு அவளே போய் மாங்காய் வாங்கி வந்தாள். சமையல்கட்டிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டபோது, உனக்கா என்று செல்லியம்மாள் ஆச்சரியமாகக் கேட்டாள். பாவாயி உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள். வசந்தாமணி ஒரு கீற்று மாங்காயை உப்பில் தோய்த்து வாயில் வைத்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். தலை பின்னிவிடச் சொன்னாள், தாய் பின்னிவிட்டாள். மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்றாள், தாய் கட்டிலில் ஏறி உட்கார்ந்து மடி கொடுத்தாள். பாவாயி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசையை அன்றைக்கு யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரு வாரம் போல இருந்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, ஆடி பிறக்கும் சமயத்தில் அங்காளம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு துணி முடிச்சில் மாங்காய் இருந்தது. பாவாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கேட்டதுல ஒண்ணு பாக்கி இல்லீங்கக்கா. எல்லாம் குடுத்தேன். என்ற மடியிலதான் போனா. நீங்க சொல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

பாவாயி அவளுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலையெல்லாம் சொன்னாள். முகத்தைத் துடைத்துவிட்டாள், மோர் வாங்கிக் கொடுத்தாள், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து வழக்கமான இடத்தில் நின்றாள். வரிசை நீளமாக இருந்தது. ஒருவன் அடுத்தவர் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பது கண்ணெதிரே தெரிந்தது. வாய் வரவில்லை.

முன்னால் நின்றவரை ஒதுக்கிவிட்டு ஓட்டைக்கு அருகே போனாள். கையை உள்ளே நீட்டித் திண்டில் ஊன்றிக்கொண்டாள். பொன்னனுக்காக நீட்டிய நாளிலிருந்து அந்த ஓட்டைக்குள் அவள் கை நுழைந்ததே இல்லை.

"அம்மிணி," என்றாள். "எனக்குப் பொறாமையா இருக்குது. மகளப் பறிகுடுத்துட்டு அழுவறா, அவளப் பாத்து எனக்குப் பொறாமையா இருக்குது."

ஜெபமலருக்கு முகம் தெரியவில்லை. கை தெரிந்தது. காய்த்துப்போன அந்தக் கையை அவளுக்கு இப்போது எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும். ஊசியைக் கீழே வைத்தாள். ரத்தக் குழாயைப் பொத்துகிற மாதிரி, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். வெளியே வரிசை அப்படியே நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.